அனுமதிக்கப்பட்டது அளவற்றதா?

ஐம்பது வயதைக் கடந்த நான்கு பேர் ஒன்று கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வந்து முடிவதை இன்று எந்த ஊரிலும் காண்கிறோம். ஒருவர் நெய்யை நிறுத்திவிட்டதாகச் சொல்வார். இன்னொருவர் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்குவதாகச் சொல்வார். மூன்றாமவர் தேங்காய்ப்பால் ஊற்றிய எதையும் தொடுவதில்லை என்பார். கொழுப்பு என்ற சொல்லே ஒரு குற்றத்தின் பெயராகிவிட்டது. ஆனால், நெய்யை நிறுத்தியவர் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போடுவதையும், மஞ்சள் கருவை ஒதுக்கியவர் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கி உண்பதையும் யாரும் கவனிப்பதில்லை, அவர்களும் கவனிப்பதில்லை. கேட்டால், "அதில்தான் கொழுப்பு இல்லையே!" என்ற பதில் தயாராக இருக்கிறது.

இந்த ஒரு பதிலுக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. விலக்கப்பட்டதை விட்டுவிட்டால், விலக்கப்படாத அனைத்தையும் விரும்பிய மட்டும் கொள்ளலாமா? விலக்கப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் தன்னடக்கமும் ஒன்றுதானா? இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஹலால், ஹராம் பேணி வாழ விரும்பும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இதற்கு விடை தேடுவோருக்கு, கொழுப்புக் குறைந்த உணவு என்னும் கொள்கை கடந்த எழுபது ஆண்டுகளில் நடந்து வந்த பாதை நல்லதொரு படிப்பினையாக இருக்கிறது.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரை மாரடைப்பு தாக்கியது. நாட்டின் தலைவரே படுக்கையில் விழுந்ததும், இதய நோயைப் பற்றிய பேச்சு அந்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் புகுந்தது. அக்காலத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்த ஆன்செல் கீஸ் என்பவர், வெண்ணெய், கொழுத்த இறைச்சி போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்றும், அதுவே இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களை அடைக்கக் காரணமாகிறது என்றும் வலியுறுத்தினார். 1961இல் அமெரிக்க இதயச் சங்கம் நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை கூறியது. 1977இல் செனட்டர் மெக்கவர்ன் தலைமையிலான குழு, மக்கள் உணவிலிருந்து பெறும் சக்தியில் கொழுப்பின் பங்கு 30 சதவிகிதமாகக் குறைய வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது.

இந்த அறிவுரையை அறிவீனம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி சக்தியைத் தருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரிதான் தருகிறது. ஆகவே கொழுப்பைக் குறைத்தால் எடையும் குறையும், இதயமும் பிழைக்கும் என்று எதிர்பார்த்தது நியாயமே. அதோடு, அந்த 1977ஆம் ஆண்டு அறிக்கை சர்க்கரையையும் வெகுவாகக் குறைக்கச் சொன்னது. தானியங்களையும் காய் கனிகளையும் கூட்டச் சொன்னது. நடந்தது என்ன? அறிவுரையின் ஒரு பாதியே மக்கள் காதில் விழுந்தது. மறு பாதியை வியாபாரம் விழுங்கிவிட்டது.

உணவுப் பொருளிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டால் சுவை போய்விடும். சுவையை மீட்க, உற்பத்தியாளர்கள் சர்க்கரையையும் மாவையும் சேர்த்தார்கள். "கொழுப்பு அற்றது" என்று மேலே அச்சடித்தார்கள். 1992இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஸ்நாக்வெல்ஸ் என்னும் கொழுப்பில்லா பிஸ்கட்டுகளுக்காக மக்கள் முண்டியடித்தனர். ஒரு பிஸ்கட்டோடு நிறுத்தியிருக்க வேண்டியவர், கொழுப்புத்தான் இல்லையே என்ற தைரியத்தில் பாதிப் பெட்டியைக் காலி செய்தார். பாதுகாப்பானது என்று எண்ணுவதாலேயே அதிகம் உண்ணும் இந்த மனப்போக்குக்கு அந்த பிஸ்கட்டின் பெயரையே பின்னாளில் சூட்டிவிட்டார்கள்.

அமெரிக்க அரசின் கணக்கெடுப்பு இதைத் தெளிவாக்குகிறது. 1971க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலத்தில், ஆண்களின் உணவில் கொழுப்பின் பங்கு 36.9 சதவிகிதத்திலிருந்து 32.8 சதவிகிதமாகக் குறைந்தது. அதே காலத்தில் ஓர் ஆண் நாளொன்றுக்கு உண்ட மொத்த அளவு 2,450 கலோரியிலிருந்து 2,618 கலோரியாக உயர்ந்தது. பெண்கள் உண்டது 1,542 கலோரியிலிருந்து 1,877 கலோரியாக உயர்ந்தது. பங்கு குறைந்தது, பானை பெரிதாயிற்று. 1970களின் கடைசியில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பதினைந்து பேராக இருந்த உடல் பருமனுள்ளோர், 2000ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு முப்பது பேராயினர். இதற்குக் கொழுப்பைப் பற்றிய அறிவுரை மட்டுமே காரணம் என்று சொல்வது அநீதி. உடலுழைப்புக் குறைவு, கடையுணவு, பெரிய தட்டு, மலிந்த இனிப்புப் பானம் என்று காரணங்கள் பல. ஆயினும், ஒன்றை விலக்கிவிட்டோம் என்ற நிம்மதி மற்றவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

பிறகு ஆராய்ச்சிகளும் வந்தன. ஐம்பது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ள 48,835 அமெரிக்கப் பெண்களைச் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் கொழுப்பைக் குறைக்கும்படி பயிற்றுவிக்கப்பட்ட பெண்களுக்கும் வழக்கம்போல் உண்ட பெண்களுக்கும் இடையே, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதலாண்டில் அவர்கள் எடை சராசரி 2.2 கிலோ குறைந்தது. ஏழரை ஆண்டு முடிவில் இரு சாராருக்கும் இருந்த வித்தியாசம் அரைக் கிலோவுக்கும் குறைவு. 2018இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மறு பிரிவுக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். ஓராண்டில் முதல் பிரிவினர் சராசரி 5.3 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளிவிவர நோக்கில் இது வித்தியாசமே அல்ல. இரு பிரிவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்று: காய்கறிகளை நிறைய உண்ணுங்கள், சர்க்கரையையும் வெள்ளை மாவையும் தவிருங்கள், இயன்றவரை வீட்டில் சமைத்து உண்ணுங்கள். இளைத்தவர்களை இளைக்க வைத்தது பட்டியலின் பெயரன்று, பட்டியலுக்குப் பின்னால் இருந்த நிதானமே என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் இனி நெய்யை அள்ளி ஊற்றலாமா என்று உடனே ஒரு குரல் எழும். அந்தக் குரலை நாம் நன்கு அறிவோம். அது நப்ஸின் குரல். மொத்தக் கொழுப்பைக் கண்டு பயந்தது மிகை. ஆனால் எந்தக் கொழுப்பு என்பது இன்றும் முக்கியமே. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அவ்விடத்தில் நல்ல தாவர எண்ணெய்களையும் பருப்பு வகைகளையும் வைத்தால் இதய நோய் குறைகிறது. அவ்விடத்தில் சர்க்கரையையும் மைதாவையும் வைத்தால் பயனில்லை. எண்ணெயைச் செயற்கையாக உறைய வைப்பதால் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்போ இரண்டு வகையிலும் கேடு செய்கிறது: கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது, நல்லதை இறக்குகிறது. நம் கல்யாணச் சமையல்களில் நெய்யின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வனஸ்பதி, அதாவது நாம் பொதுவாக டால்டா என்று சொல்வது, பல காலம் இந்தக் கேட்டைச் சுமந்து வந்தது. எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு வரையறுத்தது 2022 ஜனவரியில்தான்.

இவ்விடத்தில் அறிவின் அமானிதம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலதிபர்களின் அமைப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் கொடுத்தது. 1967இல் பெயர்பெற்ற மருத்துவ ஏடொன்றில் அவர்கள் எழுதிய கட்டுரை கொழுப்பின் மேல் பழியைக் கூட்டி, சர்க்கரையின் மேலிருந்த சந்தேகத்தைக் குறைத்தது. பணம் கொடுத்தவர் யார் என்பது கட்டுரையில் இல்லை. பழைய கடிதங்கள் மூலம் அது வெளிவந்தது 2016இல். எடை போடும் தராசில் மோசடி செய்பவரைப் பற்றி நாம் கடுமையாகப் பேசுகிறோம். சாட்சியத்தின் தராசில் விரலை வைப்பவரும் அதே வகையைச் சேர்ந்தவர் அல்லவா? ஆனால் இதைக் காட்டி, டாக்டர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று கிளம்புவதும் சரியன்று. தவறு வெளிப்பட்டதும் ஆராய்ச்சியினால்தான். இன்றைக்கு உள்ளதில் சிறந்த அறிவைப் பின்பற்றி நடப்பதும், அது திருத்தப்படும்போது நாமும் திருந்துவதுமே அறிவுடைமை.

இனி நம் கேள்விக்கு வருவோம். "கொழுப்பற்றது" என்ற முத்திரை ஒரு மனிதனுக்கு என்ன செய்தது? அவன் செய்ய வேண்டிய தீர்மானத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது. உண்ணலாமா, எவ்வளவு உண்ணலாம், போதுமா என்று ஒவ்வொரு கவளத்திலும் உள்ளம் கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பதிலாக, பெட்டியின் மேல் ஒரு வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது. சட்டத்தின் நோக்கம் வயிற்றுக்குள் புதைக்கப்பட்டது.

சற்று நிதானித்துப் பார்த்தால், இதே விபத்து நமக்கும் நேர்ந்திருப்பது தெரியும். உணவில் ஹலாலைப் பேணுவதில் நம் சமுதாயம் காட்டும் கவனம் பாராட்டுக்குரியது. அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று விசாரிக்கிறோம். விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகு? அதற்குமேல் நமக்குக் கேள்வியே இல்லை. ஹலாலான இறைச்சியை ஹலாலான நெய்யில் பொரித்து, ஹலாலான இனிப்போடு மூச்சு முட்ட உண்டுவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சாய்ந்துகொள்கிறோம். திருமறையில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப், அதாவது நல்லது, தூயது என்னும் சொல்லும் இணைந்து வருவதை நாம் அறிவோம். உணவுக்கு அனுமதி தரும் இடத்திலேயே இஸ்ராப் என்னும் வரம்பு மீறலுக்குத் தடையும் வருவதையும் அறிவோம். வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் பகிர்ந்து வைக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் போதனையைக் குத்பாக்களில் கேட்கிறோம். இவை எதுவும் பொருளின் வகையைப் பற்றியவை அல்ல, அளவைப் பற்றியவை. வகையை வெளியிலிருந்து ஒருவர் சான்றளிக்க முடியும். அளவை உள்ளிருந்துதான் சான்றளிக்க முடியும். ஆகவேதான் அனுமதி வேறு, அளவு வேறு என்கிறோம்.

இதை மறுத்துச் சிலர், "ஆயுள் அல்லாஹ் விதித்தது. நெய் தின்றாலும் தின்னாவிட்டாலும் குறித்த நாளில் மவ்த்து வரும்" என்கிறார்கள். மவ்த்து குறித்த நாளில் வரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இப்படிச் சொல்பவர் இரவில் வாசலைத் தாழிடாமல் உறங்குகிறாரா? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்ற பாடம் வாசல் கதவுக்குப் பொருந்துமானால் இதயத்தின் கதவுக்கும் பொருந்தும். மேலும், கேள்வி எப்போது இறப்போம் என்பது மட்டுமன்று. ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் கண்டார்கள். அந்த ஆறு ஆண்டுகள் யாருடையவை? பெரும்பாலும் அவை மணமாகாத ஒரு மகளுடையவை. படிப்பை முடிக்காத ஒரு மகனுடையவை. கடன் தவணையோடு தனித்து நிற்கும் ஒரு மனைவியுடையவை. உடல் நமக்கு அமானிதம் என்று சொல்லும்போது, அதன் மீது இவர்களுக்கும் ஹக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதன் மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. அதிலும் விழுந்துவிடக் கூடாது. உடலை அமானிதமாகப் பேணுவது ஒன்று. அதையே கண்ணாடி முன் நிறுத்தி வணங்குவது வேறொன்று. காலையும் மாலையும் எடை பார்த்து, கவளத்துக்குக் கவளம் கணக்கெழுதி, விருந்துக்குப் போன இடத்தில் வீட்டார் மனம் நோகத் தட்டைத் தள்ளுபவர் கொழுப்பைக் குறைத்திருக்கலாம்; பெருமையைக் குறைக்கவில்லை. அதைவிடக் கொடியது, பருத்த உடலுடையவரைக் கண்டு "கண்டதைத் தின்கிறார்" என்று ஏளனம் பேசுவது. உடலின் எடை ஒருவருடைய ஒழுக்கத்தின் எடையன்று. பரம்பரை, மருந்து, நோய், வறுமை, இரவு வேலை என்று பல காரணங்கள் உடலைப் பருக்க வைக்கின்றன. மெலிந்தவருக்கும் மாரடைப்பு வருகிறது. எதை எவ்வளவு உண்டோம் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறரிடம் கேட்க நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் பிறருக்காக நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்து காட்டியது பின்லாந்து நாட்டின் வட கரேலியா என்னும் பகுதி. மரம் வெட்டுவோரும் பால் பண்ணைக்காரர்களும் வாழும் ஊர்கள் அவை. கடும் உழைப்பாளிகள், ஆயினும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் மாண்டுகொண்டிருந்தார்கள். ரொட்டியில் தடிக்கப் பூசிய வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், மிகுந்த உப்பு, புகைபிடித்தல் இவையே அவர்கள் வாழ்க்கை. ஊர்ப் பிரதிநிதிகளே அரசிடம் உதவி கேட்டு மனுச் செய்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது.

அவர்கள் நோயாளிகளை மட்டும் தனியே அழைத்து உபதேசித்துவிட்டு நிற்கவில்லை. இல்லத்தரசிகளின் சங்கத்தை அணுகினார்கள். அச்சங்கத்துப் பெண்கள் ஊர் ஊராக மாலைக் கூட்டங்கள் நடத்தி, வழக்கமான இறைச்சிக் குழம்பையே கொழுப்பைக் குறைத்துக் காய்களைக் கூட்டிச் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்ணச் செய்தார்கள். இறைச்சிப் பண்டம் செய்யும் தொழிற்சாலைகளிடம் பேசினார்கள். வெண்ணெய் விற்பனை குறைந்தால் பால் பண்ணைக்காரன் பிழைப்பு என்ன ஆகும் என்பதையும் மறக்காமல், பெர்ரிப் பழம் பயிரிட அவர்களுக்கு உதவினார்கள். புகைப்பதை நிறுத்தவும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் கூடவே பாடுபட்டார்கள். சில பத்தாண்டுகளில், உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள் இதய நோயால் இறப்பது எண்பது சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது.

அமெரிக்காவில் அறிவுரை தனிமனிதனிடம் சொல்லப்பட்டது. அவன் அதைக் கடைக்குக் கொண்டுபோய் பிஸ்கட்டாக மாற்றிக்கொண்டான். வட கரேலியாவில் அறிவுரை ஊரின் அடுப்புக்குச் சொல்லப்பட்டது. ஒருவர் தட்டில் விழுவது அவருடைய பொறுப்பு மட்டுமன்று, பரிமாறும் கையின் பொறுப்பும் கூட என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம்மிடம் அந்தக் கூட்டு வாழ்க்கைக்குக் குறைவா என்ன? காயல்பட்டினம் போன்ற ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறோம். நோன்பு காலத்தில் பள்ளிவாசல்தோறும் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறோம். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த அந்தக் கஞ்சி, பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு எவ்வளவு இதமானது! ஆனால் அதைச் சுற்றி இன்று என்ன வந்து சேர்ந்திருக்கிறது? வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத், அதன்மேல் பிரியாணி. பசியை அடக்கப் பழக்கும் மாதத்தில் எடை கூடி வெளிவருகிறோம் என்றால், நோன்பு வயிற்றில் இருந்ததா, கடிகாரத்தில் மட்டும் இருந்ததா?

வலீமாக்களில் விருந்தினரை வற்புறுத்தி ஊட்டுவதை அன்பு என்று எண்ணுகிறோம். "போதும் மாமா" என்று இலையை மறைக்கும் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவதில் நமக்கு ஒரு பெருமை. அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம். இதயத்தில் சிகிச்சை செய்துகொண்டு வந்தவராக இருக்கலாம். சபையில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு அவர் உண்கிறார். நம் பெருமைக்கு அவருடைய உடல் விலை கொடுக்கிறது. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்றால், அவர் "போதும்" என்று சொல்வதை ஏற்பதும் கண்ணியத்தில் சேர்ந்ததல்லவா?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. விருந்தில் பிரியாணியோடு காய் ஒன்றும் பழம் ஒன்றும் கௌரவமான இடத்தில் இருக்கட்டும். இப்தாரில் கஞ்சிக்குத் துணையாகப் பொரித்த பண்டம் ஒன்று போதும். மற்ற இடத்தைப் பழங்களுக்கும் சுண்டலுக்கும் கொடுப்போம். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதிருப்போம். வீட்டில் ஒருவருக்குப் பத்தியம் என்றால், அவரை ஒரு மூலையில் தனித்தட்டோடு உட்கார வைக்காமல், குடும்பமே அந்தச் சமையலுக்குப் பழகுவோம். அதனால் மற்றவர்களுக்கு நஷ்டம் எதுவுமில்லை. மருந்து உண்போர் தம் டாக்டரின் ஆலோசனையை விடாதிருக்கட்டும். "போதும்" என்று ஒருவர் சொன்னால், அதை முதல் தடவையிலேயே நம்புவோம்.

கொழுப்பைக் குறைப்பதா, மாவைக் குறைப்பதா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கட்டும். அவர்களுடைய பட்டியல்கள் மாறலாம். அளவறிந்து கையை எடுக்கும் பழக்கம் ஒன்று மட்டும் எந்தப் பட்டியலோடும் மாறாது. அதைக் கடையில் வாங்க முடியாது. எந்தப் பெட்டியின் மேலும் அச்சடிக்க முடியாது. பசி இன்னும் சற்று மீதமிருக்கும்போதே எழுந்துகொள்ளும் வலிமையையும், நம் கையால் உண்பவர்களின் நலனையும் நாடும் நல்ல எண்ணத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.